அரை இஞ்ச் ரப்பர்

சேக் மைதீன் அன்றைக்கு மூன்று பொய் சொன்னான். மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்தான். கடையில் சொல்லும் பொய்கள் வேறு. "அக்கா, இது நாலு வருஷம் உழைக்கும்" என்று ஒரு செருப்பை நீட்டினால், அது ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிசு என்று அந்த அக்காவுக்கும் தெரியும். இவை அப்படிப்பட்டவை அல்ல. பெற்ற பிள்ளையின் காலைப் பற்றிச் சொன்னவை.

எதிரே இருந்தவர் டாக்டர் ஜெனிஷா. குழந்தைகளுக்கு மட்டும் எலும்பு பார்க்கிறவர். ஆள் சின்ன உருவம், குரல் பெரிசு. ரிஃபாவின் எக்ஸ்ரே அவர் முன்னால் கம்ப்யூட்டரில் தெரிந்தது. ரிஃபா மேசைக்கடியில் புகுந்து டாக்டரின் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வயது மூன்று வருடம் இரண்டு மாதம். செருப்புக்கடைக்காரன் மகள் வேறு எதை அவிழ்ப்பாள்? சேக் மைதீனின் மனைவி சபிஹா, பசித்து அழுத கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியே போயிருந்தாள். அவள் அந்த அறையில் இருந்திருந்தால் மூன்றில் ஒன்றாவது குறைந்திருக்கும்.

"நடையில வித்தியாசம்னு எப்பப் பார்த்தீங்க?"

"இப்பத்தான் டாக்டர். ரெண்டு மாசமா."

"உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாராவது இப்படிச் சாய்ஞ்சு நடப்பாங்களா? பிறவியிலேயே இடுப்புக் கோளாறு?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "கைக்குழந்தையும் பொண்ணுதானே? அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கலாம். அதையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துரணும்."

"பார்த்தாச்சு டாக்டர். பொறந்த எடத்துலயே எடுத்துட்டாங்க. நார்மல்னு சொல்லிட்டாங்க."

"ரிப்போர்ட்?"

"வீட்டுல இருக்கு."

"அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க."

சரி என்று தலையாட்டினான். அப்படி ஒரு ரிப்போர்ட் உலகத்திலேயே கிடையாது.

தெற்குவாசலில் அவன் கடை இருக்கிறது. அத்தா காலத்துக் கடை, அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேக் மைதீனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டான், படியேறும் காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவான். "ஏழு, பாதம் அகலம், வலது குதிங்கால் தேயும்" என்று அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆளை மறந்துவிடுவான், காலை மறக்க மாட்டான். இந்தப் பெருமை அவனுக்கு நிறையவே இருந்தது, அதில் தப்பும் இல்லை. ஆனால் எல்லார் காலையும் படித்தவனுக்குத் தன் வீட்டுக் காலைப் படிக்கும்போது மட்டும் கண் கட்டிக்கொள்ளும்.

கட்டிக்கொண்டது என்று சொல்வதுகூடத் தப்பு. அவன் நன்றாகவே பார்த்தான். ரிஃபா நடக்கப் பழகியபோது, மிதித்தால் கீச்சென்று சத்தம் போடும் ஷூ ஒரு ஜோடி கொண்டுவந்து போட்டான். எல்லாப் பிள்ளைக்கும் அந்த ஷூ கீச், கீச் என்று ஒரே சீராகக் கத்தும். ரிஃபாவுக்கு ஒன்று பலமாகவும் மற்றது நமுத்துப்போன வெடி மாதிரியும் கேட்டது. இரண்டு நாள் கேட்டான். மூன்றாம் நாள் இரண்டு ஷூவையும் கடைக்கு எடுத்துப்போய், சத்தம் போடும் விசிலைப் பிடுங்கி எறிந்தான்.

ஒன்றரை வயதில் சபிஹாவும் கண்டுபிடித்தாள். குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு விட்டபோது பிள்ளை இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடியது.

"ஏங்க, பாப்பா நடை ஒரு மாதிரியா இருக்குல்ல? டாக்டர்ட்ட காமிப்பமா?"

"நான் லட்சம் காலைப் பார்த்தவன். எல்லாப் பிள்ளையும் மொதல்ல அப்படித்தான் நடக்கும். போகப் போகச் சரியாயிரும்."

அவள் நம்பினாள். காலைப் பற்றிச் செருப்புக்கடைக்காரனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அடுத்த வாரம் அவன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, அரை இஞ்ச் தடிமனில் ரப்பர் ஷீட் வெட்டி, சொல்யூஷன் தடவி, ரிஃபாவின் இடது ஷூவுக்குள் இன்சோலுக்கு அடியில் ஒட்டினான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையின் சாய்வு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. தரை சில்லென்று இருக்கிறது, சளி பிடிக்கும் என்று சொல்லி வீட்டுக்குள்ளும் செருப்புப் போடவைத்தான். அதற்குள்ளும் ரப்பர். கால் வளர வளர ஒவ்வொரு புது ஜோடியிலும் ரப்பர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவன் இடுப்பெலும்பை ஷூவுக்குள் மறைத்தான், ஒன்றரை வருடம் யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் எல்கேஜி அட்மிஷனுக்குப் போன மிஷன் பள்ளிக்கூடத்தில் தெரசா டீச்சர், "பாப்பா ஷூவைக் கழட்டிட்டு இந்தப் பாய் மேல நடந்து வா" என்று கூப்பிட்டார். எட்டே அடி. டீச்சர் ஒரு சீட்டில் டாக்டர் ஜெனிஷாவின் பெயரை எழுதிச் சபிஹா கையில் கொடுத்தார். மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று ரிஃபாவின் காலில் ரப்பர் இல்லாத புதுச் செருப்பை மாட்டிக் கூட்டிவந்தான் சேக் மைதீன். அதில் மட்டும் மறதியே கிடையாது.

சரி, பெற்ற தகப்பன் ஏன் இப்படிச் செய்கிறான்? அதற்கு அவன் அக்கா சைனப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சைனப் அவனுக்கு மூன்று வயது மூத்தவள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இடது பக்கம் விந்தி நடப்பவள். தொட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று வீட்டில் ஒரு கதை செய்து வைத்திருந்தார்கள். பிறவிக் குறை என்றால் குடும்பத்தையே ஒதுக்குவார்கள், விழுந்தது என்றால் பாவம் என்பார்கள். அந்தக் கணக்கில் பிறந்த கதை. இருபத்திரண்டு வயதில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வீட்டில் வெறுங்காலோடு பெண்ணைக் காட்டினால் தெரிந்துபோகும். உறவுக்காரர் நிக்காஹ் நடந்த மண்டபத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அத்தா ஏற்பாடு செய்தார். பத்தொன்பது வயது சேக் மைதீன் அக்காவுக்கு ஒரு ஜோடி செருப்புச் செய்தான். இடது செருப்பு ஒரு இஞ்ச் உசரம். முதல் ரப்பர் அதுதான். சைனப் மண்டபத்தில் ராணி மாதிரி நடந்தாள், சம்பந்தம் முடிந்தது.

கல்யாணமாகி மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டில் அவள் வெறுங்காலோடு தண்ணீர்க் குடம் தூக்கினாள். ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்து விட்ட பெரியவர் வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். "காலுக்காக அனுப்பல. கள்ளத்துக்காக அனுப்புறோம்."

அந்தச் சொல்லைக் கேட்டு மனிதன் திருந்தியிருக்க வேண்டும். சேக் மைதீன் வேறு பாடம் படித்தான். காலைத்தான் இன்னும் கெட்டியாக மறைத்திருக்க வேண்டும் என்று. அக்கா வீட்டோடு இருந்ததால் அவனுக்குப் பெண் கொடுக்க நாலு இடத்தில் தயங்கினார்கள். முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம் நடந்தது. அதில் அவனுக்கு அக்கா மேல் ஒரு கசப்பு. வெளியே சொன்னதில்லை, உள்ளே வைத்து வளர்த்தான்.

அந்த அக்காதான் வில்லாபுரம் வீட்டில் ரிஃபாவைத் தூக்கி வளர்த்தவள். ரிஃபாவுக்குக் குப்பி என்றால் உயிர். அத்தாவின் அக்காவைக் குப்பி என்றுதான் அவர்கள் வீட்டில் கூப்பிடுவார்கள். அவளைத்தான் சேக் மைதீன் "யாருக்கும் இல்ல டாக்டர்" என்று ஒரு வாயசைப்பில் இல்லாமல் ஆக்கினான்.

சபிஹா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்ததும் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார்.

"இடுப்பெலும்புல கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும்மா. தொடையெலும்போட தலை பந்து மாதிரி அதுக்குள்ள உக்காரணும். பாப்பாவுக்கு எடது பக்கம் பந்து கிண்ணத்துக்கு வெளிய, மேல நிக்குது. பொறந்ததுல இருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

"எடது கால் குட்டை, அதானே டாக்டர்?" என்றான் சேக் மைதீன்.

"கால் குட்டையில்ல சார். ரெண்டு காலும் ஒரே நீளம். எடம் மாறி நிக்குது, அதனால குட்டையாத் தெரியுது."

லட்சம் காலைப் பார்த்தவனுக்கு இது தெரியாது. ஒன்றரை வருடம் குட்டையே இல்லாத காலுக்கு அவன் ரப்பர் ஒட்டியிருக்கிறான். ஒட்டிய நாளெல்லாம் பந்து மேலே மேலே ஏறியிருக்கிறது.

டாக்டர் தொடர்ந்தார். ஆபரேஷன் செய்யவேண்டும். மூட்டைத் திறந்து, பந்தை இறக்கிக் கிண்ணத்துக்குள் வைக்கவேண்டும். இத்தனை நாள் மேலேயே நின்றதால் சதை இழுத்துப் பிடித்திருக்கிறது, அதனால் தொடையெலும்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்து பிளேட் வைக்கவேண்டும். கிண்ணம் ஆழமில்லை, அதனால் இடுப்பெலும்பையும் வெட்டித் திருப்பி மேல்கூரை போல் இறக்கவேண்டும். பிறகு நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு.

"ரெண்டு எலும்பையும் வெட்டணுமா?" என்றாள் சபிஹா.

"ஒன்றரை வயசுல வந்திருந்தீங்கன்னா ஒருவேளை எலும்பை வெட்டாம, கட்டு மட்டும் போட்டு முடிச்சிருக்கலாம். கைக்குழந்தையிலயே தெரிஞ்சிருந்தா, ஆறு மாசத்துக்குள்ள, வெறும் பெல்ட்டே போதும்." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "தினமும் குளிப்பாட்டுறது நீங்கதானேம்மா? மூணு வயசு வரைக்கும் ஒண்ணுமே கண்ணுல படலையா? அப்பா சொல்றாரு ரெண்டு மாசமாத்தான் தெரியும்னு."

சபிஹா புருஷனைப் பார்த்தாள். அவன் மேசைக்கடியிலிருந்த மகளைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வெளியாட்கள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்கக் கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியாட்கள் முன்னால் மனைவியைப் பழி சுமக்க விடக் கூடாது என்று அவனுக்கு ஏன் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை.

திரும்பும்போது ஆட்டோ பழங்காநத்தம் தாண்டியது. "நான் அன்னைக்கே கேட்டேன்" என்றாள் சபிஹா. அவ்வளவுதான். அவன் ரோட்டைப் பார்த்தபடி, "ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும், துஆ செய்" என்றான். இறைவனை இழுத்தால் பேச்சு நின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். நின்றுவிட்டது.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டுக்கு வந்து போன உறவெல்லாம் சபிஹாவைத்தான் பிடித்தார்கள். "பெத்தவளுக்கா தெரியாது?" "செல்போனைப் பார்க்குற நேரத்துல பிள்ளையைப் பார்த்திருக்கலாம்ல?" ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஆனால் இந்த வாயை மூட ஒரு உலைமூடி இருந்தது, அது சேக் மைதீன் கையிலேயே இருந்தது. "அவ கேட்டா, நான்தான் வேணாம்னேன்" என்று ஒரு வாக்கியம். பேசியவர்களுக்கு டீ வாங்கி வர அவன் எழுந்து போனான். ஒவ்வொரு தடவையும் படியிறங்கும்போது தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. இறங்கிப் போய் டீயோடு திரும்பி வந்தான்.

இன்னொன்று அவனை அதைவிட அரித்தது. கைக்குழந்தை ஹஸ்னா. டாக்டர் எக்ஸ்ரே காட்டிய அன்று வீட்டுக்கு வந்ததும், சபிஹா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, தொட்டிலில் கிடந்த குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தான். இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்து வைத்தான். ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் நின்றது. அவன் கண்ணுக்கு அது தப்பாது. இடது முழங்கால்தான் தாழ்ந்திருந்தது. துணியை இழுத்து மூடினான். இரண்டு பெண்களும் இப்படி என்றால், அக்காவையும் சேர்த்துப் பேசுவார்கள், அது வம்சத்திலேயே இருக்கிறது என்பார்கள். பெரியவளுக்கு முடியட்டும், பிறகு சின்னவளைப் பார்க்கலாம் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆறு மாதத்துக்குள் பெல்ட்டே போதும் என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. ஹஸ்னாவுக்கு அப்போது நாலு மாதம். நாள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் சைனப் பர்தாவை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீ எதுக்குக்கா வெயில்ல அலையுற? வீட்டைப் பார்த்துக்க" என்றான்.

அவள் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பர்தாவைக் கழற்றி மடித்தாள். "சரிப்பா. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கன இருந்தே ஓதுறேன்" என்றாள்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வெளியே கொண்டுவந்தபோது ரிஃபா நெஞ்சுக்குக் கீழே வெள்ளைக் கட்டுக்குள் இருந்தாள். இரண்டு காலும் அகட்டி, நடுவே ஒரு குச்சி வைத்துக் கட்டியிருந்தது. முகம் மட்டும்தான் அவர்கள் பிள்ளை. "ஃபோட்டோல பந்து உள்ள உக்காந்திருக்கு சார், பாருங்க" என்று டாக்டர் புது எக்ஸ்ரேயைக் காட்டினார். சேக் மைதீன் பார்த்தான். எலும்பில் ஒரு தகடும் நாலு ஆணியும் தெரிந்தன. அவன் நன்றி சொன்னான்.

மறுநாள் ரிஃபா எதுவும் சாப்பிடவில்லை. இட்லியைத் துப்பினாள், பாலைத் தட்டிவிட்டாள். "குப்பி வேணும், குப்பி வேணும்" என்று ஒரே அழுகை. நர்ஸ் நாகஜோதி, "யாரும்மா அது? வரச் சொல்லுங்க. பிள்ளை இப்படி வெறும் வயித்தோட இருந்தா ஆகாது" என்றாள்.

"அக்கா வேணாம். நான் ஊட்டுறேன்" என்றான் சேக் மைதீன்.

"நீங்க ஊட்டிக் கிழிச்சீங்க" என்றாள் சபிஹா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் கண்ணெதிரிலேயே போனை எடுத்தாள். "மதினி, ஆட்டோ பிடிச்சு வாங்க. பாப்பா உங்களைக் கேட்டு அழுறா."

மூன்றாம் நாள் பத்து மணிக்கு டாக்டர் ஜெனிஷா வார்டைப் பார்வையிட வந்தார். ரிஃபாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, அசைக்கச் சொல்லி, கட்டின் ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேக் மைதீன் தலைமாட்டில் நின்றான். சபிஹா பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் ஹஸ்னாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது வார்டின் வாசலில் சைனப் வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் துணிப்பை.

நீள வார்டு அது. இந்தக் கோடி வரைக்கும் அவள் நடந்து வரவேண்டும். உடம்பு இடது பக்கம் இறங்கி, நிமிர்ந்து, மறுபடி இறங்கி. கட்டிலில் கிடந்த பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் பார்த்தார்கள். டாக்டர் விரலை அமுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மற்றவர்கள் பார்த்தது வேறு, அவர் பார்த்தது வேறு. தெருவில் யார் காலைப் பார்த்தும் சேக் மைதீன் நம்பர் சொல்வானே, அதுபோல அவர் அந்த நடையிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார்.

"குப்பி!" என்று கத்தினாள் ரிஃபா.

"வந்துட்டேன்டா தங்கம், வந்துட்டேன்."

"நீங்க யாரும்மா? பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று டாக்டர் கேட்டார்.

சைனப் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அது செத்த முகமாக இருந்தது. டாக்டரிடம் அவன் என்ன சொல்லிவைத்திருக்கிறான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் கூட வரவேண்டாம் என்ற அன்றைக்கே அவள் ஊகித்திருந்தாள். இப்படிப்பட்டதை ஊகிக்க அவளுக்கு ஆயுசு முழுக்கப் பழக்கம் இருந்தது.

"பக்கத்து வீடு டாக்டர்" என்றாள். சிரித்த முகமாகவே சொன்னாள். "பாப்பா பாசமா இருக்கும். அதான் பார்த்துட்டுப் போவமேன்னு வந்தேன்."

சேக் மைதீனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. மூன்று வாரமாக அவன் சபிஹாவைப் பழி சுமக்க விட்டான், அப்போதும் வெட்கப்பட்டான், ஆனால் அதோடு வாழ முடிந்தது. இதோடு முடியவில்லை. நாற்பத்தைந்து வயதில், கூடப் பிறந்தவள், அவன் கேட்காமலே தன்னை அழித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் பொய்க்கு அவளே துணைப்பொய் சொல்கிறாள், அதுவும் அவனைவிட அழகாக. இத்தனை வருடம் அக்காளால் தனக்கு வெட்கம் என்று நினைத்திருந்தான். யாரால் யாருக்கு வெட்கம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"இல்ல டாக்டர்" என்றான். குரல் அவனுடையது போல இல்லை. "எங்க அக்கா. என் கூடப் பொறந்த அக்கா."

"தம்பி…" என்றாள் சைனப்.

"நீ சும்மா இருக்கா. டாக்டர், இவ தொட்டில்ல இருந்தெல்லாம் விழல. பொறந்ததுல இருந்தே இப்படித்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னேன்."

டாக்டர் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேசாமல் நின்றதால் மீதியையும் அவனே சொல்லவேண்டியிருந்தது. ஒன்றரை வயதிலேயே சபிஹா கேட்டதை, தான் தடுத்ததை, ஷூவுக்குள் ரப்பர் ஒட்டியதைச் சொன்னான். நர்ஸ் நாகஜோதி ஊசித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டில்காரர்களும் கேட்டார்கள். கடைசியாக, "சின்னவளுக்கு ஸ்கேன் எதுவும் எடுக்கல டாக்டர். ரிப்போர்ட்னு நான் சொன்னது பொய். முழங்கால் ரெண்டும் ஏறி இறங்கி இருக்கு. நான் பார்த்துட்டேன். பார்த்துட்டு மூடி வச்சிட்டேன்" என்றான்.

சபிஹா மெல்ல எழுந்தாள். முதலில் சொன்னதெல்லாம் அவளுக்குப் பாதி தெரிந்தவைதான். கடைசியில் சொன்னது தெரியாது. ஹஸ்னாவைக் கட்டிலில் கிடத்தி, துணியை அவளே அவிழ்க்கப் பார்த்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. சைனப் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

"எப்பப் பார்த்தீங்க?" சபிஹா அவனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா எம் மடியிலதானே பிள்ளை கெடந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"



டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் முழங்கால்களை மடக்கி, ஒரு தொடையை மெதுவாக அகட்டினார். அது நன்றாக விரிந்தது. மற்றதை அகட்டினார். பாதியில் நின்றது. விரலை வைத்து லேசாகத் தூக்கி மறுபடி விரித்தார். அவர் விரலுக்கடியில் ஏதோ உருண்டு இறங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஹஸ்னா இது எதையும் சட்டை செய்யாமல் டாக்டரின் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள்.

"எடது பக்கம் நழுவித்தான் இருக்கு. ஆனா உள்ள போகுது" என்றார். "இப்ப எத்தனை மாசம்?"

"அஞ்சு நடக்குது" என்றாள் சபிஹா.

"நாகஜோதி, இன்னைக்கே ஸ்கேனுக்கு எழுதுங்க. சாயந்திரம் பெல்ட் போட்டுரலாம். தோள்ல இருந்து கால் வரைக்கும் வார் மாதிரி வரும்மா, காலை மடக்கி அகட்டியே வச்சிருக்கும். வாராவாரம் காமிக்கணும். பெரும்பாலும் அதுலயே உக்காந்துரும். கத்தி வைக்க வேண்டியிருக்காது." பிறகு சேக் மைதீனைப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் கழிச்சுச் சொல்லியிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான் அவர் அவனிடம் சொன்னது. அந்த அளவுக்கே அவன் தலை தொங்கிப்போயிற்று.

சபிஹா அழுதாள். சந்தோஷமா கோபமா என்று பிரிக்க முடியாத அழுகை. சைனப் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அல்லா காப்பாத்திட்டான், அழாத" என்றாள். ரிஃபா கட்டுக்குள் கிடந்தபடியே, "குப்பி, இங்க வா, ஊட்டு" என்று அதிகாரம் செய்தாள். சைனப் தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசையப் போனாள்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார் டாக்டர் அவளிடம். "உங்களுக்கு வலி இருக்கா?"

சைனப் புரியாமல் பார்த்தாள். "யாருக்கு?"

"உங்களுக்குத்தான். இடுப்புல, தொடையில. இந்த வயசுல மூட்டுத் தேய்ஞ்சிருக்கும். வலி இல்லாம இருக்காது."

பிசைந்த கை வாளிக்குள்ளேயே நின்றது. சொல்லலாமா என்று கேட்பதுபோல ஒரு தடவை தம்பியைப் பார்த்தாள்.

"இருக்கு டாக்டர்" என்றாள். "பதினெட்டு, இருபது வயசுல இருந்தே இருக்கு. இப்ப ஜாஸ்தி. மாடிப்படி ஏறுனா இருக்கும். தொழுதுட்டு எந்திரிக்கையில இருக்கும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாது."

சேக் மைதீன் அக்காவின் காலை அளந்திருக்கிறான். நம்பர் தெரியும், குதிங்கால் எந்தப் பக்கம் தேயும் என்று தெரியும், எத்தனை இஞ்ச் குறைவு என்று தெரியும். மாடியில் துணி காயப்போடுவது இத்தனை வருடமும் அவள் வேலைதான். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறுவதைக் கீழே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான்.

"ஏங்க்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான்.

சைனப் ரிஃபாவின் வாயில் முதல் கவளத்தை வைத்தாள். பிள்ளை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நீ ஒரு நாளும் கேக்கலயேப்பா."